பின் சீட்டில் ஆடும் கால்

செத்துப்போன மனிதர் பட்டப்பகலில் வந்து காரில் உட்கார்ந்து காலாட்டுகிறார் என்று யாராவது சொன்னால், நீங்களும் நானும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். மயிலாளால் அப்படிப் போக முடியாது. கார் நின்றது அவள் வீட்டு வாசலில், செத்துப்போனவர் அவள் புருஷன்.

சோமனூரில் கடைவீதியைத் தாண்டி உள்ளே போனால் இரண்டு பக்கமும் தறிக்குடோன்கள் இரைந்துகொண்டிருக்கும் வீதி ஒன்று வரும். அதன் கடைசியில் அவள் வீடு. வீட்டை ஒட்டி ஓட்டுக் கூரை போட்ட குடோன், உள்ளே நான்கு தறி. தாராபுரம் பக்கம் வெங்காயக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண் அவள். கல்யாணமாகி வந்து கழுத்து மஞ்சள் உலர்வதற்குள் தறிக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். அறுந்த இழையை எடுத்து முடிவது, நாடாவுக்குள் நூல்குழல் மாற்றுவது, கழன்ற நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்குவது எல்லாம் தானாகவே கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்ளாமல் அந்த வீட்டில் காலம் தள்ள முடியாது. ஏனென்றால் புருஷன் சென்னியப்பன் காலாட்டுவார்.

கேட்க அற்பமாகத்தான் இருக்கும். காலாட்டாத ஆண்பிள்ளை யார் இருக்கிறான்? ஆனால் இவர் ஆட்டுவது வேறு ரகம். உட்கார்ந்தபடி இடது காலை மட்டும், குதிகால் தரையில் படாமல் ஆட்டுவார். ஒரு தறி நின்றால் வேகம் கூடும். சோற்றில் உப்பு குறைந்தாலும் கூடும். கூடிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். நின்றுவிட்டால் எழுந்து வருகிறார் என்று அர்த்தம். கையில் எடுப்பது நாடாவாக இருக்கும். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி நூலை விட்டுவருமே, இரும்பு முனை வைத்த கனத்த மரக்கட்டை, அதுதான். தோள்பட்டையில் அதால் ஒரு குத்து விழும்.

அக்கம்பக்கத்தில் யாரும் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டார்கள். “நாடா தெறிச்சுப் பட்டுடுச்சுங்க” என்பாள். தறி ஓடுகிற ஊரில் இதைவிட வசதியான பொய் கிடைக்காது. நாடா தெறிப்பதும் உண்டு, பட்ட இடம் கன்றிப்போவதும் உண்டு. கேட்டவர்கள் உச்சுக்கொட்டி, மஞ்சள் பற்றுப் போடச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவளும் புருஷனின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு முழங்காலைப் பார்த்தே குடும்பம் நடத்தினாள்.

அவருடைய கடைசிக் காலத்தில் மகன் சரவணக்குமார் பழைய வெள்ளைக் கார் ஒன்று வாங்கினான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் அவன். வேலைக்குப் பைக்கில்தான் போவான், கார் நல்லது கெட்டதுக்கு. அந்தக் காரின் பின் சீட்டில் இடது பக்கம் சென்னியப்பனுக்கென்றே ஆகிவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்ததும் வேப்பமரத்தடியில் நிற்கும் காரில் ஏறிக் கதவைத் திறந்துபோட்டு, குடோனைப் பார்த்தபடி காலாட்டிக்கொண்டிருப்பார். போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோதும் அதே சீட்டில்தான் வைத்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். மயிலாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்திருந்தாள். கருமத்தம்பட்டி வரைக்கும் அவள் உள்ளங்கைக்குள் அது ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் நின்றது. அவள் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்து தோளைக் குறுக்கிக்கொண்டாள். அடி விழாததைக் கண்டு பிறகுதான் விஷயம் புரிந்தது.

அழுதாளா என்றால் அழுதாள், ஊருக்காக. உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அப்படி நினைப்பது பாவம் என்று அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை, நான்தான் போட்டு உடைக்கிறேன்.

சாவுக்குப் பந்தல் போட வாசலில் இடம் வேண்டியிருந்தது. நாலு பேர் சேர்ந்து காரைத் தள்ளிக் குடோன் சுவரை ஒட்டி நிறுத்தினார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகும் யாரும் அதைப் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை. வெளியே எடுத்தாலும் திரும்பக் கொண்டுவந்து அங்கேயே விடுவது வழக்கமாகிவிட்டது. தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. சுவரோரத்து இரண்டு தறி மயிலாளுக்கு. மற்ற இரண்டுக்கும் ஜெயபாண்டி என்று பரமக்குடிப் பக்கத்து ஆள் புதிதாக வந்து சேர்ந்தான். நாற்பது வயது, முன்பு லாரியில் கிளீனராக ஊர் ஊராகச் சுற்றியவன்.

ஒரு மதியம் மயிலாள் தற்செயலாக ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். காரின் பின்பக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

மெதுவாக, மேலும் கீழும். இடது மூலை மட்டும் கொஞ்சம் அதிகமாக. காற்று துளிக்கூட இல்லை, வேப்ப இலை ஒன்றும் அசையவில்லை. எந்நேரமும் காருக்கு அடியில் சுருண்டு கிடக்கும் தெருநாய் எழுந்துபோய் எதிர்ப்புறம் நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் தறியில் ஒரு இழை அறுந்து தறி நின்றது. காரும் இன்னும் இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுச் சட்டென்று நின்றுவிட்டது.

நின்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியுமே. முதுகைக் காட்டாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றாள். கார்க் கதவு திறக்கவில்லை, யாரும் வரவில்லை. பக்கத்துத் தறியில் இருந்த ஜெயபாண்டி, இந்த அக்கா ஏன் இப்படிப் பேயறைந்த மாதிரி நிற்கிறது என்று எட்டிப் பார்த்தான்.

அன்றிலிருந்து தினமும் அதே கதை. அவள் தறி ஓடினால் கார் ஆடும், நிறுத்தினால் நிற்கும். கரண்ட் போனால் அடங்கிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு, காருக்கும் லீவு. ஆளை அப்படியே உரித்துவைத்த மாதிரி இருக்கிறதே என்று மயிலாள் நினைத்தாள். உயிரோடு இருந்தபோதும் தறி ஓடும் நேரம்தான் அவருக்குக் காவல் நேரம். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி நாலு சக்கரத்துக்கும் வைத்தாள். கோயிலில் மந்திரித்த கயிற்றைப் பின் கதவுக் கைப்பிடியில் கட்டினாள். கயிறும் சேர்ந்து ஆடியது.

கடைசியில் அவள் சுவரோரத் தறிகளை ஓட்டுவதையே விட்டுவிட்டாள். கை வலி, பாவு நூல் சரியில்லை என்று ஏதேதோ சாக்கு. மகனுக்குக் கோபம் வந்தது. காரை விற்றுவிடு கண்ணு என்று கெஞ்சிப் பார்த்தாள். நிறைமாசத்தை வைத்துக்கொண்டு காரை விற்பார்களா, உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று அவன் கத்தினான்.

நிறைமாசம் என்றது அவன் மனைவி சித்ரகலாவை. உண்மையில் ஆறாவது மாதம்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண், பார்த்துப் பார்த்துப் பேசுவாள். செக்கப்புக்குப் பல்லடம் போய்வரும்போதெல்லாம் அந்தக் கார் அவளைப் படாதபாடு படுத்தியது. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் அப்புறம் வெகுதூரம் வரை தொட்டில் மாதிரி குதித்துக்கொண்டே போகும். பிரேக் போட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு மிதக்கும். வீடு திரும்பியதும் சித்ரகலா வாந்தியெடுப்பாள். மேல்கையிலோ தோளிலோ ஒரு கன்றலும் இருக்கும். அந்த வெயிலிலும் முழுக்கை நைட்டி போட்டு மறைத்துக்கொள்வாள். மயிலாள் பார்த்துக் கேட்டால், “கார் தூக்கிப் போட்டதுங்க அத்தை, கதவுல இடிச்சுக்கிட்டேன்” என்பாள். என்னை அடித்தது போதாதென்று வயிற்றுப்பிள்ளைக்காரியையும் விடமாட்டேன் என்கிறாரே இந்த மனிதர் என்று மயிலாள் பல்லைக் கடிப்பாள். தன் பயம்கூட அவளுக்குப் பெரிதில்லை. பிள்ளை பிறப்பதற்குள் அந்த ஆளை எப்படியாவது காரைவிட்டு இறக்கியாக வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

சொந்த பந்தத்திடம் சொல்ல முடியாததை வெளியூர்க்காரனிடம் சொல்லிவிடலாம் இல்லையா. தறி ஏன்க்கா நிற்குது என்று ஜெயபாண்டி ஒரு நாள் கேட்டதும், மயிலாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. சுவரோரத் தறி இரண்டையும் ஓடவிடச் சொன்னான். ஓடவிட்டாள். கார் ஆட ஆரம்பித்தது. அவனும் கண்ணால் பார்த்தான். பிறகு தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு நேராகப் போய், காரின் பின்பக்க இடது மூலையில் இரண்டு கையையும் ஊன்றி முழு பலத்தோடு அமுக்கிக் கையை எடுத்தான். கார் எழுந்து, இறங்கி, மறுபடி எழுந்து, தானாகவே குதித்துக்கொண்டிருந்தது. வலது பின் மூலையும் அப்படித்தான். முன் மூலைகளை அமுக்கினால் ஒரு தடவை எழுந்து அடங்கின. குனிந்து பின் டயரைத் தடவினான். ரப்பர் சமமாகத் தேயாமல் அங்கங்கே குழி விழுந்திருந்தது.

ஷாக்கப்சர் இரண்டும் செத்துவிட்டது என்றான். ஸ்பிரிங் குதிக்கப் பிறந்தது, அதை அடக்கிப் பிடிப்பது ஷாக்கப்சர். பிடிக்க ஆளில்லாததால் கொஞ்சம் தொட்டாலும் குதிக்கிறது என்று விளக்கினான்.

“அப்ப அதைத் தொடறது யாரு தம்பி?” என்று மயிலாள் கேட்டாள். நியாயமான கேள்வி.

“தரைதேன்க்கா. தறி ஓடுனா சுவத்தோரத் தரையெல்லாம் அதிருதுல்ல. நான் இங்க வந்த புதுசுல கட்டில்ல படுத்தா ஓடம் கணக்கா ஆடும், தூக்கமே வராது. ஒங்களுக்குத் தெரியலையா?”

அவளுக்குத் தெரியவில்லை. ஜெயபாண்டி தறிகளை மறுபடி ஓடவிட்டு, ஒரு டம்ளரில் தளும்பத் தண்ணீர் ஊற்றிச் சுவரோரம் தரையில் வைத்தான். தண்ணீரில் வளையம் வளையமாக எழுந்து விளிம்பில் மோதியது. மயிலாள் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைத்துப் பார்த்தாள். கல்லு மாதிரி அசையாமல் இருப்பதாகத்தான் பட்டது. இத்தனை வருஷம் இந்த ஆட்டத்திலேயே தூங்கி, இந்த ஆட்டத்திலேயே எழுந்து, அது ஆட்டம் என்பதே உடம்புக்கு மறந்துபோயிருந்தது. தண்ணீர் சொல்வதைப் புத்தி ஒப்புக்கொண்டது. மனசு ஒப்புக்கொள்ளவில்லை.

அதனால் காரை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப அவள் சம்மதிக்கவில்லை. உள்ளேயிருந்து வெளியே வருவது எதுவோ, அதை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்றாள். ஜெயபாண்டி பல்லடத்தில் ஒரு ஜோடி புது ஷாக்கப்சரும் ரப்பர் புஷ்ஷும் வாங்கிவந்தான். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்றவேண்டும் என்றான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில் வேலையை வைத்துக்கொண்டார்கள். சரவணக்குமார் கம்பெனிக்குப் போயிருந்தான். தறி ஓடாத சோமனூரை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். வீதி முழுக்கக் காதை அடைத்தாற்போல ஒரு அமைதி. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பது போல இருக்கும்.

முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து முட்டுக் கொடுத்தார்கள். பின் சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் மரக்கட்டை அடுக்கிச் சக்கரத்தைக் கழற்றினார்கள். மயிலாள் குனிந்து உள்ளே பார்த்தாள். பார்த்தவள் அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது. நரைத்த ரோமம் அடர்ந்த, முழங்காலுக்குக் கீழே மெலிந்த, சென்னியப்பனின் கெண்டைக்கால்.

ஜெயபாண்டி பனியன் வேஸ்ட் துணியை எடுத்து அதைத் துடைத்தான். ரோமம் கையோடு வந்தது. ஷாக்கப்சரிலிருந்து ஆயில் கசிந்து வழிந்திருக்கிறது, குடோன் பஞ்சுத் தூசி மாசக்கணக்கில் அதில் ஒட்டி ஒட்டி முடி முளைத்த மாதிரி ஆகிவிட்டது என்றான். காட்டினான். அவளும் தொட்டுப் பார்த்தாள், பஞ்சுதான். இருந்தாலும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கீழ் நட் துருப்பிடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். அச்சு கீழே விழுந்துவிடாமல் இன்னொரு ஜாக்கியை அடியில் கொடுத்தார்கள். ஸ்பேனரை நான் பிடிக்கிறேன் என்று மயிலாள் வாங்கிக்கொண்டாள். தறி நட்டை முறுக்கிய கை அது. ஒரு காலை மண்ணில் ஊன்றி ஒரே எம்பு, நட் கிரீச்சென்று கத்திக்கொண்டு இளகியது. மேல் போல்ட்டுக்குப் பின் சீட்டை மடக்கவேண்டும். கோயமுத்தூருக்குப் போன அன்றைக்குப் பிறகு அந்தச் சீட்டை அவள் தொட்டதே இல்லை. தொட்டாள். இடது பக்கம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் அந்தப் பக்கம்தான் விழுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மடக்கினாள்.

வெளியே எடுத்த பழையதை ஜெயபாண்டி அவள் கையில் கொடுத்து அதன் தண்டை அமுக்கச் சொன்னான். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய்ப் பிணம் மாதிரி அங்கேயே கிடந்தது. புதியதை அமுக்கினாள். அது கையைத் தடுத்தது. விட்டதும் நிதானமாக மேலே வந்தது.

“அமுக்குனா எதுத்து நிக்கணும்க்கா. அதுக்குத்தேன் இது இருக்கு” என்றான் ஜெயபாண்டி.

இரண்டு பக்கமும் மாட்டி, சக்கரத்தைப் போட்டு, காரைத் தரையில் இறக்கியபிறகு போல்ட்டுகளை முழுதாக முறுக்கினார்கள். மூலையை அவளே அமுக்கினாள். இறங்கியது, ஒரு தடவை எழுந்தது, நின்றது. சாயங்காலம் கரண்ட் வந்ததும் முதல் வேலையாகச் சுவரோரத் தறி இரண்டையும் ஓடவிட்டு ஜன்னலில் போய் நின்றாள். கார் அசையவே இல்லை. கொஞ்ச நேரத்தில் நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுக் காருக்கு அடியில் படுத்தது. மயிலாள் தறிச் சத்தத்துக்குள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு வயிறார இரண்டாவது தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை செக்கப்புக்குப் போனபோது அதே இடது பக்கப் பின் சீட்டில் துணிந்து அவளே உட்கார்ந்தாள். மகன் ஓட்டினான், சித்ரகலா முன்னால். வேகத்தடைகளில் கார் ஒரு தடவை மூச்சு விட்ட மாதிரி ஏறி இறங்கி ஒழுங்காகப் போனது. வாந்தி இல்லை. வரும் வழியில் சித்ரகலா தூங்கியே விட்டாள். மனிதரை இறக்கியாகிவிட்டது என்று மயிலாள் குலதெய்வத்தை நினைத்துக் கும்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தறி இல்லாத அமைதி. சித்ரகலா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடிக்குக் கையை உயர்த்தியபோது நைட்டியின் கை சரிந்து இறங்கியது. மேல்கையில் புதுக் கன்றல், நாலு விரல் அகலத்துக்கு, இன்னும் சிவப்பு மாறவில்லை.

என்ன கண்ணு இது என்று மயிலாள் கேட்டாள். சித்ரகலா திரும்பாமலே, பாடம் ஒப்பிப்பது போல, “கார் தூக்கிப் போட்டதுங்க அத்தை” என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காரின் பக்கம் திரும்பினார்கள்.

இடது பின் கதவு திறந்து கிடந்தது. சென்னியப்பனின் சீட்டில் சரவணக்குமார் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். கார் ஆடவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இடது கால், குதிகால் கீழே படாமல். டீ கேட்டு எவ்வளவு நேரமாச்சு என்று நிமிராமலே குரல் கொடுத்தான். சித்ரகலா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் முழங்கால்மேல் இருந்தது.

அந்தப் பார்வை யாருடையது என்று மயிலாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கால் எத்தனை நாளாக இப்படி ஆடுகிறது? சோற்றுக்கு முன்னால், டிவிக்கு முன்னால், அவள் பக்கத்திலேயே ஆடியிருக்கும். தரை ஆடுவது தெரியாத உடம்புக்கு இது மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்? நாடா தெறித்தது என்று தானும், கார் தூக்கிப் போட்டது என்று இந்தப் பெண்ணும். தான் சொன்ன பொய்யையே மருமகள் வேறு பேர் போட்டுச் சொல்லியிருக்கிறாள், அதையும் நம்பிக்கொண்டு எலுமிச்சம்பழம் அறுத்திருக்கிறோமே என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

கால் வேகம் கூடியது. கூடிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. சித்ரகலா தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

மயிலாள் காருக்கு நடந்தாள். எழப்போன மகனின் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, கார் மூலையை அமுக்கிய அதே பலத்தோடு அமுக்கினாள். அவன் திடுக்கிட்டு உதற முயன்றான். முடியவில்லை. அம்மாவின் கைகள் இப்படி இருக்கும் என்று அவனுக்கு அன்றுவரை தெரியாது.

“அவ மேல இனி ஒருக்கா உன் கை பட்டுதுன்னா, நானும் அவளும் இந்த ஊட்டுல இருக்க மாட்டோம். உங்கொப்பன எறக்கியுட்டாச்சு. நீயும் எறங்கு கண்ணு.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. சரவணக்குமார் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற சித்ரகலாவைப் பார்த்தான். உள்ளங்கைக்குக் கீழே அவன் முழங்கால் நடுங்குவது மயிலாளுக்குத் தெரிந்தது. அது அடங்கும்வரை கையை எடுக்காமல் நின்றாள். பிறகு வழிவிட்டு ஒதுங்கினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கீழே இறங்கினான். காரின் இடது மூலை மெதுவாக ஒரு தடவை மேலே எழுந்து, நின்றது.